ஆடி மாதம், ஆர்.டி. 350, கொங்குநாட்டு மலைப்பாதைகள்

முதல் நாள்: கோவை

யமஹா 1973இல் வெளியிட்ட ஆர்.டி. 350 மோட்டார் சைக்கிளை எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983இல் ராஜ்தூத் 350 என்ற பெயரில் இங்கே கொண்டுவந்தது. 347 சிசி, இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். மூல வண்டிக்கு 39 குதிரைத்திறன். இங்கே வந்ததில் எச்.டி. (ஹை டார்க்) மாடலுக்கு 30.5, அடுத்து வந்த எல்.டி. (லோ டார்க்) மாடலுக்கு 27. திறனைக் குறைத்ததோடு நிற்கவில்லை. வெளிநாட்டு வண்டியில் இருந்த முன் டிஸ்க்கையும் எடுத்துவிட்டு டிரம் பிரேக் வைத்தார்கள். இன்றைக்கு ஒரு பழைய ஆர்.டி.யை வாங்குகிறவர் குறைந்துபோன குதிரைத்திறனை மீட்கத்தான் முதலில் செலவு செய்கிறார். சைலன்சர், போர்ட் (சிலிண்டர் சுவரில் உள்ள வாயுத் துளை) வேலை, பெரிய கார்புரேட்டர் என்று பட்டியல் நீள்கிறது. பறிபோன பிரேக்கை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. திம்பம், கொல்லிமலை, வால்பாறை மூன்றிலும் ஏறி இறங்கும் இந்தப் பயணத்தில் கவனம் முழுக்க இறக்கத்தின் மேல்தான். ஏற்றம் இந்த என்ஜினுக்குப் பெரிய வேலையே இல்லை.

இன்று முழுவதும் பட்டறை. பம்புசெட்டும் மோட்டாரும் செய்து பழகிய ஊர் என்பதால், சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து போர் அடிக்கவும், கிராங்க் தண்டைப் பிரஸ்ஸில் அழுத்திக் கோக்கவும் கை தேர்ந்த லேத்துக்காரர்கள் கோவையில் தெருவுக்குத் தெரு உண்டு. ஆனால் டூ ஸ்ட்ரோக் சிலிண்டரைக் கொடுக்கும்போது இரண்டு விஷயங்களைச் சொல்லியே கொடுக்க வேண்டும். முதலாவது, பிஸ்டனை வாங்கிக் கையில் கொடுத்து, அதை அளந்த பிறகுதான் போர் அடிக்க வேண்டும். ஆரம்ப அளவு 64 மி.மீ.; தேய்ந்தபின் போடும் பெரிய அளவு, அதாவது ஓவர்சைஸ், 0.25 மி.மீ. படியாக 65 வரை போகும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடைவெளி 0.04 மி.மீ. அளவில் இருக்கட்டும். இரண்டாவது, போர் முடிந்ததும் போர்ட் விளிம்புகளை அரத்தால் லேசாக மழுக்க வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் லைனர் (சிலிண்டரின் உள் இரும்புக் குழாய்) மட்டுமே பார்த்த கைக்கு இது பழக்கமில்லை. விளிம்பு கத்திபோல் இருந்தால் ரிங் அதில் மாட்டி உடையும். உடைந்த துண்டு பிஸ்டன் தலையைக் கொத்திவிடும்.

மலைக்குப் போகுமுன் கண்டிப்பாகச் செய்ய வேண்டியது காற்றுக்கசிவு சோதனை. சைலன்சரைக் கழற்றி இரண்டு எக்ஸாஸ்ட் வாயையும் ரப்பர் அடைப்பால் மூடுங்கள். ஒரு கார்புரேட்டர் வாயை அடைத்து, மற்றதில் சைக்கிள் பம்பும் சிறிய பிரஷர் கேஜும் இணைத்து 6 பி.எஸ்.ஐ. வரை ஏற்றுங்கள். ஒரு நிமிடத்தில் 1 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கினால் எங்கோ ஓட்டை. சோப்புத் தண்ணீர் தடவினால் நுரை காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் கிராங்கின் இடப்பக்க சீல்தான் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்), பாய்ண்ட் தட்டுக்குப் பின்னால் இருப்பது. அது கடினமாகிப்போனால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, பெட்ரோலுக்குக் காற்று கூடிக் கலவை மெலிந்து, நீண்ட ஓட்டத்தில் பிஸ்டன் சூட்டில் சுவரோடு பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்க சீல் போனால் அறிகுறி வேறு: கியர் ஆயில் வெளியே சொட்டாமலே குறையும், சைலன்சர் விடாமல் புகைக்கும். ‘டூ டி ஆயில் (பெட்ரோலோடு சேர்ந்து எரியும் எண்ணெய்) அதிகம் போகுது’ என்று ஆயில் பம்ப்பைக் குறைக்கிறவர்கள் பலர். அது மிகவும் ஆபத்தான வைத்தியம். சீல் இருக்கிறபடியே இருக்கும், என்ஜினுக்குப் போகிற எண்ணெய்தான் குறையும்.

அடுத்து டைமிங், அதாவது பிளக் பொறி விடும் நேரம். இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனி பாய்ண்ட் (திறக்கும்போது பொறி தரும் மின்தொடுப்பு), தனித்தனி கண்டன்சர். முதலில் பாய்ண்ட் இடைவெளியை 0.30 முதல் 0.40 மி.மீ.க்குள் வையுங்கள். பிறகு பிளக் துளையில் டயல் கேஜ் பொருத்தி, பிஸ்டன் உச்சிக்கு 2.0 மி.மீ. கீழே இருக்கும்போது பாய்ண்ட் திறக்கிறதா என்று மல்டிமீட்டரால் பாருங்கள். கண்ணால் பார்த்து வைக்கிற டைமிங் மலைக்கு உதவாது. முந்திப் பற்றினால் வெப்பம் பிஸ்டன் தலையில் ஏறும், கடைசியில் துளையே விழும். செலவு செய்ய மனமிருந்தால் பாய்ண்ட் இல்லாத எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாற்றுங்கள். திறனைக் கூட்டுகிற எந்தப் பொருளையும்விட இந்த மாற்றத்துக்கே எங்கள் ஓட்டு. ஒருமுறை வைத்த டைமிங் தேய்மானத்தால் நகராது.

ஆயில் பம்ப் இருக்கும் வண்டியில் பம்ப்பின் குறைந்தபட்ச ஸ்ட்ரோக் (நகர்வு) 0.20 முதல் 0.25 மி.மீ. ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்து அளக்கலாம். குழாயில் காற்றுக்குமிழி இருந்தால் பம்ப்பின் பிளீட் திருகைத் திறந்து, குமிழி நின்று எண்ணெய் மட்டும் வரும்வரை விடுங்கள். பம்ப்பைக் கழற்றி எறிந்துவிட்டு டேங்கில் கலந்து ஓட்டுகிறவர்கள்தான் இங்கே அதிகம். அவர்கள் லிட்டருக்கு 30 மி.லி. கலந்தால் ஏறத்தாழ 33க்கு 1. மலைநாளில் 40 மி.லி.யாக்கினால் 25க்கு 1. தோராயமாக ஊற்றாமல் அளவுக் குப்பியில் அளந்து ஊற்றுங்கள்.

பெட்ரோலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதனால் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் பழைய ஜெட்டிலேயே ஓட்டினால் கலவை மெலிகிறது. மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டி, பிளக்கைப் பார்த்து முடிவெடுங்கள். பழைய ரப்பர் குழாயும் ஃபுளோட் கேஸ்கெட்டும் எத்தனாலில் ஊறிப் பருக்கும். எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றுங்கள். வண்டி சில வாரம் நிற்குமானால் கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிட வேண்டும். நிறுத்தும்போதெல்லாம் டேங்கின் பெட்ரோல் திருகை மூட வேண்டும். கார்புரேட்டர் ஊசி லேசாகக் கசிந்தால்கூட இரவோடு இரவாக கிராங்க் கேஸ் நிறைந்துவிடும்.

கடைசியாக ஆர்.சி. புத்தகம். பதினைந்து வருடம் முடிந்த வண்டிக்கு ஐந்து ஐந்து வருடமாகத்தான் பதிவு நீட்டிப்பு. மலையடிவாரச் செக்போஸ்ட்டில் பழைய வண்டி என்றாலே கேட்பார்கள். காலாவதித் தேதியை இன்றே பாருங்கள்.

இரண்டாம் நாள்: சத்தியமங்கலம், திம்பம்

விடியற்காலையில் சரவணம்பட்டியைத் தாண்டிவிட்டால் அன்னூர், புளியம்பட்டி வழியாக சத்தி வரை சிக்கல் இல்லை. முதல் பத்து கிலோமீட்டரை 4,000 ஆர்.பி.எம்.முக்குள் ஓட்டுங்கள். அலுமினிய பிஸ்டன் வேகமாக விரியும், இரும்பு லைனர் மெதுவாகத்தான் விரியும். குளிர்ந்த என்ஜினைக் கிக்கரை உதைத்ததும் முறுக்குகிறவர்களுக்குத்தான் பிஸ்டன் நான்கு மூலையிலும் கோடு விழுகிறது.

பண்ணாரி அம்மன் கோயிலைத் தாண்டினால் புலிகள் காப்பகம். செக்போஸ்ட், பிறகு 27 கொண்டை ஊசி வளைவுகள். கர்நாடகத்துக்குப் போகிற சரக்கு லாரிகள் ஒவ்வொரு வளைவிலும் முழுச் சாலையையும் எடுத்துத்தான் திரும்ப முடியும். மேலிருந்து லாரி வருவது தெரிந்தால் வளைவுக்குக் கீழேயே நின்றுவிடுங்கள். இரவில் போக்குவரத்துத் தடை இருக்கும் பாதை இது. வெளிச்சத்திலேயே ஏறி இறங்குங்கள்.

ஏற்றத்தில் நிற்கும்போது இந்த வண்டிக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. முன் டிரம்மில் இருப்பது இரட்டை லீடிங் ஷூ (ஷூ என்பது டிரம்மின் உள்ளே உரசிப் பிடிக்கும் பிறைவடிவக் கட்டை). சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது டிரம்மே இரண்டு ஷூவையும் உள்ளே இழுத்து இறுக்கும், பிடி பலமாக இருக்கும். சக்கரம் பின்னோக்கி உருண்டால் இரண்டையும் தள்ளிவிடும், பிடி ஏறத்தாழ இருக்காது. ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் நிற்கும்போது முன் லீவரை மட்டும் பிடித்திருந்தால் வண்டி பின்னால் நழுவும். இடது காலைத் தரையில் ஊன்றி, வலது காலால் பின் பிரேக்கை மிதித்துக்கொண்டிருங்கள்.

திம்பத்துக்கு மேலே குளிர்ந்த காற்று. ஆயிரம் மீட்டருக்கு மேல் காற்றின் அடர்த்தி சுமார் பத்தில் ஒரு பங்கு குறையும், அதனால் காற்றுக்குப் பெட்ரோல் கூடிக் கலவை கொஞ்சம் கெட்டிப்படும். ஐட்லிங் சற்றே தடுமாறும், பிளக் கறுக்கும். அதைப் பார்த்து ஜெட்டைக் குறைக்காதீர்கள். சமவெளிக்கு வைத்த ஜெட் மேலே கெட்டியாக இருப்பதில் ஆபத்தில்லை. மேலே மெலித்துவிட்டுக் கீழே இறங்கினால்தான் பிஸ்டன் பிடிக்கும்.

இனி இறக்கம். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியை ஏறின கியரிலேயே இறக்கு என்பார்கள், அது சரி. டூ ஸ்ட்ரோக்கில் அந்த வழக்கத்தை அப்படியே பின்பற்ற முடியாது. என்ஜின் பிரேக்கிங் பலவீனம் என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரியது எண்ணெய். கலந்த பெட்ரோலில் ஓடும் வண்டியில் திராட்டிலை மூடினால் பெட்ரோல் நிற்கும், அதோடு சேர்ந்து எண்ணெயும் நிற்கும். ஆனால் இரண்டாம் கியரில் சக்கரம் என்ஜினை 5,000 ஆர்.பி.எம்.மில் சுழற்றிக்கொண்டே இருக்கும். சுவர் காயும். ஆயில் பம்ப் உள்ள வண்டி இங்கேதான் மேல். பம்ப்பைச் சுழற்றுவது என்ஜின். திராட்டில் மூடியிருந்தாலும் குறைந்தபட்ச ஸ்ட்ரோக் அளவுக்கு எண்ணெய் போய்க்கொண்டிருக்கும். நேற்றைய 0.20 மி.மீ. கணக்கு இதற்காகத்தான்.

கலந்து ஓட்டுகிறவர்கள் மூன்றாம் கியரில் திராட்டிலை முழுக்க மூடாமல் ஒரு நூல் திறந்தே வைத்து, வேகத்தைப் பிரேக்கால் கட்டுங்கள். வளைவுக்கு வளைவு நேர்ப்பாதையில் கிளட்சைப் பிடித்து ஒருமுறை முறுக்கிவிடுங்கள். நியூட்ரலில் உருட்டுவது மட்டும் கூடவே கூடாது.

ஆக, சுமை முழுக்க பிரேக்குக்குப் போகிறது. பாதி இறக்கத்தில் லீவர் கைப்பிடியை நெருங்க ஆரம்பித்தால் டிரம் சூட்டில் விரிந்திருக்கிறது என்று பொருள். லீவர் பழைய இடத்திலேயே கனமாக நின்றும் வண்டி நிற்க மறுத்தால், ஷூவின் மேல் ஒட்டிய உரசும் பட்டையான லைனிங் வெந்துவிட்டது. இரண்டுக்கும் மருந்து நிறுத்தி ஆறவிடுவதுதான், ஆனால் காட்டுக்குள் கண்ட இடத்தில் அல்ல. அகலமான, ஆட்கள் இருக்கும் இடத்தில். டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும்.

மூன்றாம் நாள்: கோபி, பவானி, சங்ககிரி, நாமக்கல்

கோபியின் வயல்களுக்கு நடுவே போகும் சாலை அழகு, ஆனால் இன்றைய நோக்கம் லாரி ஊர்கள். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் பாடி கட்டுவதும் லாரி பராமரிப்பும் ஊர்த்தொழில். பிரேக் லைனிங் அடிக்கும் கடைகள் வரிசையாக உண்டு. இருசக்கர வண்டி ஷூவைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். “எத்தனை மில்லி கனம் வேணுமுங்க?” என்ற கேள்விக்குப் பதில் தயாராக இருக்க வேண்டும்: டிரம்மின் உள் விட்டத்தை அளந்து, அதற்குப் பொருந்தும் கனத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கேளுங்கள், மிச்சத்தை லேத்தில் எடுக்கலாம். பழைய லைனிங் 2 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும்.

லேத் வேலைதான் உயிர். டிரம் முட்டை வடிவமாகியிருந்தால் லீவர் துடிக்கும். முதலில் டிரம்மை வட்டத்துக்குக் கடைய வேண்டும். ஸ்போக் இறுக்கமும் டிரம்மின் வடிவத்தை மாற்றும் என்பதால் சக்கரத்தை ரிம்மோடு கோத்த நிலையிலேயே கடையச் சொல்லுங்கள். பிறகு ஷூ இரண்டையும் பிளேட்டில் பொருத்தி, டிரம் விட்டத்தைவிட மிகச் சிறிதளவே குறைவாகக் கடைய வேண்டும். கடையாமல் போட்ட புது லைனிங் நடுவில் மட்டும் தொடும். பிடி பாதிகூட வராது, புது லைனிங்கே மோசம் என்று பழி வரும். முன்முனையை அரத்தால் சரித்துவிட்டால் கிரீச்சொலி வராது.

மாட்டிய பின் சரிசெய்யும் முறை இப்படி. ஷூவை விரிக்கும் இரண்டு கேம் கைகளையும் இணைக்கும் கம்பியின் லாக் நட்டைத் தளர்த்துங்கள். கம்பியைக் குறைத்து, இரண்டாவது ஷூ டிரம்மைத் தொடாதபடி விடுங்கள். சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே லீவரை மெல்ல அழுத்தி, முதல் ஷூ உரசத் தொடங்கும் இடத்தில் லீவரைக் கட்டிவையுங்கள். இப்போது இணைப்புக் கம்பியைத் திருப்பித் திருப்பி, இரண்டாவது ஷூவும் அதே நேரத்தில் உரசும் இடத்துக்குக் கொண்டுவந்து நட்டை இறுக்குங்கள். அழுத்திய நிலையில் கேபிளும் கேம் கையும் செங்கோணத்துக்கு அருகில் இருந்தால்தான் கையின் பலம் முழுக்கப் போகும். கோணம் தாண்டிப் போயிருந்தால் கேம் கையைக் கழற்றிப் பல்லில் ஒரு பல் மாற்றிப் போடுங்கள். இணைப்புக் கம்பியைச் சரிசெய்யாத ஆர்.டி.யில் ஒரு ஷூதான் வேலை செய்கிறது. ‘ஆர்.டி.க்கு பிரேக்கே கிடையாது’ என்ற பேச்சில் பாதி இதனால் வந்தது.

டிஸ்க் மாற்றுவது பற்றி: வேறு வண்டியின் ஃபோர்க்கும் சக்கரமும் டிஸ்க்கும் மொத்தமாகப் பொருத்துகிறார்கள், வேலையும் செய்கிறது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து மாறுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பதிவு நீட்டிப்புக்குப் போகும்போது சிக்கல் வரும். ஒழுங்காகச் செய்த இரட்டை லீடிங் டிரம் இந்த எடைக்குப் போதும் என்பது எங்கள் தீர்மானம்.

நான்காம் நாள்: கொல்லிமலை

சேந்தமங்கலம், காரவள்ளி தாண்டி 70 கொண்டை ஊசி வளைவுகள். திம்பத்தைப் போல லாரி நெரிசல் இல்லை, வளைவுகள் மட்டும் நெருக்கமானவை. பல வளைவு முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் நடுவே விழும். 5,000க்குக் கீழே இந்த என்ஜின் சோம்பல், மேலே திடீரென இழுக்கும். சாய்ந்த நிலையில் அந்த இழுப்பு வந்தால் பின் டயர் வழுக்கும். முதல் கியரில் திராட்டிலைச் சீராகத் திறந்தபடி திரும்பி, வண்டி நிமிர்ந்த பிறகு முறுக்குங்கள். அதற்கு இரண்டு கார்புரேட்டரும் ஒன்றாகத் திறக்க வேண்டும். ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி, இரண்டு வாயிலும் விரல் வைத்து, திராட்டிலை மெல்லத் திருப்பினால் உள்ளே மேலெழும் அடைப்பான இரண்டு ஸ்லைடும் ஒரே நேரத்தில் எழுகின்றனவா என்று தெரிந்துவிடும். கார்புரேட்டரின் ஏர் ஸ்க்ரூ (காற்றைக் கட்டுப்படுத்தும் திருகு) ஒன்றரைச் சுற்று திறந்த நிலையில் தொடங்குங்கள்.

டயர் பற்றி ஒன்று. முன்னால் 3.00-18, பின்னால் 3.50-18 என்பது இந்த வண்டியின் அளவு. பார்வைக்காகப் பின்னால் 120 அகலம் போட்டால் ஒடுங்கிய ரிம் டயரைக் கிள்ளி, நடு உயர்ந்து, வளைவில் திரும்ப மறுக்கும். 100/90-18 வரை போகலாம், புதிய கலவை ரப்பராக இருப்பதுதான் முக்கியம். பழைய கையிருப்பு டயர் வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தையும் காட்டும்.

இறக்கத்தில் லீவர் கடைசி வளைவு வரை இடம் மாறவில்லை. லைனிங் பதிய நூறு கிலோமீட்டராவது ஆகும் என்பதால் நேற்று சங்ககிரியிலிருந்து வரும் வழியிலேயே மெல்லமெல்லப் பிடித்துப் பதியவைத்தது பலன் தந்தது.

ஐந்தாம் நாள்: கரூர், தாராபுரம், உடுமலை, பொள்ளாச்சி

பரமத்தி வேலூரில் காவிரியைக் கடந்தால் பிறகு நேர்கோட்டுச் சாலை. ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக எதிரிலும் பக்கவாட்டிலும் அறைகிறது. தாராபுரத்துக்கு அப்புறம் காற்றாலைகள் சுற்றுகிற வேகமே சொல்லிவிடும். எதிர்காற்றில் 80 கி.மீ. வேகத்துக்கே திராட்டில் பாதிக்கு மேல் திறந்திருக்கும். பிளக் படிக்கச் சரியான நாள் இது. பத்து நிமிடம் ஒரே திராட்டிலில் ஓட்டி, பாதுகாப்பான இடத்தில் கிளட்சைப் பிடித்து அந்தக் கணமே சாவியை அணைத்து, ஓரமாக உருட்டி நிறுத்திக் கழற்றிப் பாருங்கள். ஐட்லிங்கில் விட்டு அணைத்தால் ஐட்லிங்கின் நிறம்தான் தெரியும். பி8எச்எஸ் பிளக்கின் பீங்கான் காப்பி நிறமாக இருந்தால் சரி, வெளுத்திருந்தால் மெலிவு. எத்தனால் பெட்ரோலில் ஒரு சாயல் வெளுப்பாகவே தெரியும். முழு வெள்ளையும் உருகிய புள்ளிகளும்தான் அபாயக் குறி.

ஆறாம் நாள்: வால்பாறை

ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் வரையாடுகள் சாலையோரம் நிற்கும், ஹாரன் அடிக்காதீர்கள். அட்டகட்டிக்கு மேல் மழை. ஆடியில் வால்பாறைக்குப் போனால் மழையில்லாமல் திரும்ப முடியாது.

டிரம்முக்குள் தண்ணீர் புகுந்தால் முதல் பிடிக்கு ஒன்றும் நடக்காது, இரண்டாம் பிடிக்குத் திடீரெனக் கவ்வும். வளைவுக்கு ஐம்பது மீட்டர் முன்பே லீவரை லேசாக உரசவிட்டு லைனிங்கைக் காயவையுங்கள். அப்புறம்தான் உண்மையான பிரேக். மழைக்கு முன்பே காற்றுத் துவாரங்கள் உள்ள முன் பிளேட்டில் மூடியைப் போட்டுவிட்டால் பாதித் தண்ணீர் தடுக்கப்படும். மலை இறங்கியதும் மூடியை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் சூடு வெளியே போகாது. பிளக் கேப்புக்குள் நீர் போனால் ஒரு சிலிண்டர் அணைந்து வண்டி ஒற்றைக்காலில் ஓடும். ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா என்று பொள்ளாச்சியிலேயே பாருங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் ஓட்டிக்கொண்டே போகாதீர்கள், அணைந்த பக்கத்தில் எரியாத பெட்ரோல் சுவரின் எண்ணெயைக் கழுவிவிடும்.

சாயங்காலத்துக்குள் ஆழியாறு இறங்கியாயிற்று. பொள்ளாச்சியில் முன் சக்கரத்தைக் கழற்றினால் டிரம்முக்குள் சேறும் லைனிங் தூளும் பசையாக ஒட்டியிருந்தன. ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்தோம், பழைய லைனிங் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். பளபளப்பேறிய லைனிங்கை 80ஆம் நம்பர் உப்புத்தாளால் குறுக்காகத் தேய்த்து, கேம் தண்டில் கடுகளவு கிரீஸ் வைத்து, இணைப்புக் கம்பியை மறுபடி சரிபார்த்து மாட்டினோம். கியர் ஆயில் மட்டம் கோவையில் குறித்த கோட்டிலேயே நிற்கிறது. கிளட்ச் பக்க சீல் அடுத்த மழைக்காலம் வரை தாங்கும்.